மழையில் நின்றுபோன இரைச்சல்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் போன் செய்தார். புகார் விசாரணைப் படிவத்தைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்களாம். கடைசிப் பக்கத்தில், 'களத்தில் கண்ட பிற ஆபத்துகள்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்களாம்.

"உங்க கேஸ் ஒண்ணுனாலதான் இது வந்துச்சுன்னு சீனியர்ஸ் சொல்றாங்க சார். என்ன கேஸ் அது?"

போனில் வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். அந்தக் கட்டம் என்னால் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. என்னால்தான் என்றாலும் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நான் பெங்களூர் ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, தொண்ணூற்றொன்றில், வானொலி அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எது பேச்சு, எது மோட்டார் இரைச்சல், எது டியூப்லைட் இரைச்சல் என்று பிரித்துச் சொல்லப் பழகினேன். பிறகு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

செல்போன் பரவாத காலம். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், விமானம் எல்லாம் வயர்லெஸ்ஸை நம்பித்தான் ஓடின. ஒருவருடைய அலைவரிசையில் வேறொன்று வந்து குறுக்கிட்டால் புகார் எங்களிடம் வரும். எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்துவது எங்கள் வேலை.

முதலில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆடுகோடி கேஸ். தரையிறங்கும் விமானங்களின் விமானிகள், காதில் யாரோ சினிமா வசனம் பேசுகிறார்கள் என்று புகார் செய்தார்கள். மூன்று நாள் ஜீப்பில் சுற்றினோம். கடைசியில் ஒரு லேத் பட்டறையின் மேலே, மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கேபிள் டிவி பூஸ்டர் பெட்டியில் போய் நின்றது. அதன் இரும்பு மூடி தொலைந்துபோய், பதிலுக்குப் பால் கவரைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கேபிள்காரர் கைகட்டி நின்றார்.

"நம்ம சேனல் பைலட் வரைக்கும் போகுதா சார்? கஸ்டமருக்கே சரியா தெரியலன்னு திட்டுறாங்களே!"

நான் எழுதிய அறிக்கையில், 'மிகவும் பயங்கரமான கசிவு' என்று ஒரு வரி இருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பொறியாளர் ராகவேந்திர ராவ் எனக்கு முழுசாக அறிமுகமானார்.

ராவ் தார்வாட் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து எங்களோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது; நடுநடுவே கன்னடமும் கலந்துவரும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அறிக்கை கொண்டுபோனால் எதிரே உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிப்பார். கையில் சிவப்பு மைப் பேனா இருக்கும். சந்தேகமான சொல் வந்தால் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார்.

"பயங்கரம்... இது எத்தனை டெசிபெல், தனபால்?"

அந்தச் சொல்லை ஒரே கோடாக அடித்தார்.

"நோடி, பாருங்க, நாம அளக்கறவங்க. அளந்தது எழுதணும். அளக்க முடியாதது பேடா, வேண்டாம்."

கெட்ட விதி என்று சொல்ல மாட்டேன். பிறிதொரு சமயம், போலீஸ் அலைவரிசையில் யாரோ குறுக்கிடுகிறார்கள் என்று சிவாஜிநகரில் ஒரு ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அவர்தான் என்று எழுதித் தரும்படி மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். ராவ், 'அளந்ததில் அப்படித் தெரியவில்லை' என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். இரண்டு நாளில் காரணம் வேறிடத்தில் கிடைத்தது. ஒரு பங்களா மாடியில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார்ட்லெஸ் போன். அந்த மெக்கானிக் வீடு திரும்பியது ராவின் சிவப்புப் பேனாவால்தான். அதைக் கண்ணால் பார்த்த பிறகு, நானும் அவர் மாதிரியே எழுத ஆரம்பித்தேன்.

இனி அந்தக் கேஸ்.

தொண்ணூறுகளின் கடைசி. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து எஸ்தர் என்ற அம்மாள் ஒருவர் கடிதம்மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஒரு ஸ்கேனர் இருந்தது. பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டே போய், எங்கே குரல் கேட்கிறதோ அங்கே நிற்கும் ரிசீவர் அது. பேச்சு முடிந்ததும் மறுபடி நகரும். ஆனால் இரைச்சலையும் அது பேச்சு என்று எண்ணி நின்றுவிடும். இரண்டு மாதமாக ஏதோ ஒரு இரைச்சலில் நின்று, நகரமாட்டேன் என்கிறது என்பது புகார். வீட்டில் ரேடியோ கேட்பவர்களின் புகார் எங்களிடம் எப்போதும் கடைசி வரிசை. ஆபீசில் அவருக்கு 'ஸ்கேனர் அம்மா' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். ராவ் சிரிக்கவில்லை.

"லைசென்ஸ் இருக்கறவங்க புகார். போய் பாருங்க."

மார்ச் மாதம் போனேன். கதவைத் திறந்தது அங்கே வேலை பார்த்த சரோஜா. நாற்பது வயதிருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் கையிலிருந்த ஆன்டெனாவைப் பார்த்தாள்.

"அந்தச் சத்தத்தப் புடிக்க வந்தவரா? வாங்க சார், வாங்க. அம்மாக்கு ரெண்டு மாசமா அதே பேச்சுதான்."

எஸ்தர் அம்மாள் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் ஸ்கேனரும், பேசுவதற்கு ஒரு வயர்லெஸ் செட்டும். சுவரில் சட்டம் போட்டு அமெச்சூர் ரேடியோ உரிமம். காலையில் ஊர் ஊராக இருக்கும் ஹாம் நண்பர்கள், அவரைப் போலவே உரிமம் பெற்ற ரேடியோ ஆர்வலர்கள், அலைவரிசையில் கூடி நலம் விசாரிப்பார்கள். அதுதான் அவருக்கு வெளியே போய்வருவது.

"சிட் டவுன், மிஸ்டர் தனபால். மொதல்ல கேளுங்க. அப்புறம் பேசலாம்."

ஸ்கேனரைப் போட்டார். எண்கள் ஓடின, நின்றன. எண்ணெயில் எதையோ பொரிப்பது போன்ற சத்தம், நிற்காமல் வந்தது.

"முப்பது வருஷம் ஹெட்போன் போட்ட காது இது. வீட்டுக்குள்ள இருந்து வர்ற சத்தம் இல்ல. அண்ட் திஸ் இஸ் மை ரெக்கார்ட்," என்று ஒரு கெட்டி அட்டை நோட்டை நீட்டினார். தேதி, நேரம், வெயிலா மேகமா, சத்தம் கூடவா குறைவா. இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. எங்கள் ஆபீசில் யாரும் அவ்வளவு சுத்தமாகக் குறிப்பு எழுதியதில்லை, நான் உட்பட.

இப்படிப்பட்ட புகாரில் முதல் வேலை, புகார் செய்தவர் வீட்டிலேயே காரணம் இல்லை என்று உறுதி செய்வது. சரோஜா ஸ்டூல் மேல் ஏறி மெயின் சுவிட்சை இறக்கினாள். ஃபிரிட்ஜ் அடங்கியது. பேட்டரியில் ஓடும் என் ரிசீவரில் இரைச்சல் அப்படியே இருந்தது. ஆக, வெளியில்தான்.

அடுத்தது நடை. ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். நெருங்க நெருங்கச் சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்போது ரிசீவரின் காதைக் கொஞ்சம் அடைக்க வேண்டும், அதற்கென்று ஒரு குமிழ் உண்டு. பிறகு இன்னும் உயர்ந்த அலைவரிசைக்குப் போக வேண்டும். மின்பொறியின் இரைச்சல் உயர்ந்த அலைவரிசையில் தூரம் போகாது; பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். அங்கேயும் கேட்டால் ஆள் அருகில் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"சரோஜா, கூடப் போ. எந்தச் சந்துல நாய் இருக்குன்னு அவருக்குத் தெரியாது," என்றார் எஸ்தர் அம்மாள்.

நடக்கும்போது சரோஜா என் ஊர் விசாரித்தாள். ஜீவனஹள்ளி என்றதும் நின்றுவிட்டாள்.

"ஜீவனஹள்ளியா? எந்தத் தெரு? ஐயய்யோ, நாங்க ரெண்டு தெரு தள்ளித்தான். எங்க வீட்டுக்காரர் பழனி, பெயின்டர். பார்த்திருப்பீங்க. அப்ப நம்ம ஆளுதான் நீங்க. சார் கீர்னு எதுக்கு, அண்ணான்னே கூப்பிடுறேன்."

மகள் கவிதா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள் என்று சொன்னாள். பழனி ஏணியிலிருந்து விழுந்து கை உடைந்து இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போவதாகச் சொன்னாள். பிறகு, "அது எப்படித்தான் இருக்குன்னு நானும் ஒரு வாட்டி கேக்கட்டுமா?" என்று ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். முகம் சுருங்கியது.

"இதத்தான் அம்மா நாள் பூரா கேக்குறாங்களா? பாவம்."

ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு சாலைகள் கூடும் முனையில் ஒரு இரும்புக் கம்பம். உச்சியில் பதினோராயிரம் வோல்ட் கம்பிகள். பைனாகுலரில் பார்த்தேன். கம்பியைத் தாங்கும் மூன்று பீங்கான்களில் ஒன்றில் மயிரிழை போல விரிசல், அதன் ஓரத்தில் கரி பூசியது மாதிரி கறுப்பு. அந்த விரிசலுக்குள் பொறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம்தான் ஸ்கேனரில் வந்தது.

கம்பத்தின் அடியையும் பார்த்தேன். மின்சாரம் கம்பத்தில் இறங்கினால் அதை மண்ணுக்குள் கொண்டுபோக ஒரு எர்த் கம்பி இருக்க வேண்டும். இல்லை. யாரோ எப்போதோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் பாக்கெட் நோட்டில், 'எர்த் கம்பி இல்லை. வெட்டிய முனை துரு ஏறிப் பழசாக உள்ளது' என்று குறித்துக்கொண்டேன். தேதியும் போட்டேன்.

மறுநாள் ராவ் எதிரே உட்கார்ந்தேன். படித்துக்கொண்டே வந்தவர் ஒரு சொல்லில் நின்றார். கண்ணாடியைத் துடைத்தார்.

"டேஞ்சரஸ்... இது எதுல அளந்தீங்க?"

"பீங்கான்ல விரிசல் சார். பார்த்தாலே தெரியுது."

"மின்சாரம் அவங்க டிபார்ட்மென்ட். அவங்க எஞ்சினியருக்கு நாம பாடம் எடுக்க முடியாது. ரேடியோ நாய்ஸ், சோர்ஸ் இந்தக் கம்பம். அஷ்டே, அவ்வளவுதான்."

சிவப்புக் கோடு விழுந்தது. எர்த் கம்பி பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இதையும் அடிப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் அடிக்கும் முன்பே நானே அடித்துவிட்டேன்.

அந்தப் பகுதி மின்சார அலுவலகத்துக்குக் கடிதம் போனது. பதில் இல்லை. நினைவூட்டல் போனது. பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மறு ஆய்வு செய்ய வேண்டும் என்பது எங்கள் முறை. மே மாதம் போனேன். முந்தின நாள் கனமழை. அன்றும் தூறிக்கொண்டிருந்தது. ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்டு, குடை பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் கால்மணி நேரம் நின்றேன். சுத்தமாக இருந்தது.

எஸ்தர் அம்மாள் நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"பாருங்க மிஸ்டர் தனபால். மழை பேஞ்சா நின்னுடுது. காஞ்சா திரும்ப வருது. ரிப்பேர் பண்ணினா இப்படி இருக்காதே."

"ஆமா மேடம். விரிசலுக்குள்ள ஈரம் எறங்கினா பொறி நின்னுடும். அதான் சத்தம் வரல."

"பொறி நின்னா கரன்ட் எங்க போகும்?"

"கொஞ்சம் கம்பத்துல கசியும். எர்த் கம்பி வழியா மண்ணுக்குப் போயிடும்."

சொல்லி முடித்த வாயோடு அந்த ஒரு சாண் முனை என் கண் முன் வந்தது. வந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. சரோஜா காபி கொண்டுவந்து வைத்தாள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்து எலஹங்காவில் ஒரு புகார் காத்திருந்தது. மின்சார அலுவலகத்துக்கு நேரில் ஒருமுறை போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே காபியைக் குடித்தேன். படிவத்தில், 'ஆய்வின்போது இரைச்சல் காணப்படவில்லை. புகார் முடிக்கப்பட்டது' என்று எழுதினேன். ராவ் வாய்விட்டுப் படித்தார். எதையும் அடிக்கவில்லை.

ஜூன் மாதம் மழை இல்லாத நாட்களில் இரைச்சல் திரும்ப வந்தது. எஸ்தர் அம்மாள் எழுதினார். முடிந்த கோப்பைத் திறக்க முடியாது, புது எண் போட வேண்டும் என்று கடிதம் தட்டில் கிடந்தது. மின்சார அலுவலகத்துக்கு நான் போகவில்லை. வேலை இருந்தது. எல்லாருக்கும் இருப்பது போல.

ஆகஸ்டில் ஒரு காலை. இரண்டு நாளாக விடாத மழை. ஆபீசுக்குப் போய்ச் சட்டையை உதறிக்கொண்டிருந்தேன். எனக்குப் போன் என்றார்கள்.

"மிஸ்டர் தனபால், எஸ்தர் பேசறேன். ரெண்டு நாளா சத்தம் இல்ல." குரல் தெளிவாகத்தான் இருந்தது. "சரோஜா இன்னும் வரல. முனையில கூட்டமா இருக்குன்னு பால்காரர் சொல்றார். யாரோ லேடி கீழ விழுந்துட்டாங்களாம். அந்தக் கம்பம்தானே?"

நான் போய்ச் சேரும்போது சரோஜாவின் உடலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். முனையில் முழங்கால் அளவு தண்ணீர். ஓரமாக நடந்து வந்தவள் மேடேறக் கம்பத்தைப் பிடித்திருக்கிறாள். கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் கம்பத்திலேயே நின்றிருக்கிறது. ஃபியூஸ் போகும் அளவுக்கு ஓடவும் இல்லை. ஒரு ரப்பர் செருப்பு தண்ணீரில் மிதந்தது. மேலே இரண்டு லைன்மேன்கள் பீங்கானை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதம் நடக்காத வேலை, நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே முடிந்தது. சாயங்காலத்துக்குள் புது எர்த் கம்பியும் போட்டுவிட்டார்கள்.

எஸ்தர் அம்மாள் வீட்டுக்குப் போனேன். ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ இருவர் வானிலை பற்றிப் பேசுவது கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. அவர் அதை அணைத்தார்.

"எட்டு வருஷம் என்னைத் தூக்கி உட்கார வெச்சவ," என்றார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜாவின் கணவர் பழனி என் வீட்டுக்கு வந்தார். தெருவில் பார்த்த முகம்தான். கையில் கன்னடத்தில் டைப் செய்த காகிதம். விபத்து விசாரணை அறிக்கை.

"சார், நீங்க கவர்மென்ட்ல இருக்கீங்க. இதுல என்னவோ தப்பா எழுதியிருக்குன்னு பொண்ணு அழுவுறா. சரியா படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். கம்பத்தின் எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தது. இறந்தவரின் பையில் கத்தி ஒன்று இருந்தது. எர்த் கம்பியை வெட்டித் திருட முயன்றபோது விபத்து நேர்ந்ததாகத் தெரிகிறது. கம்பம் குறித்து முன்கூட்டியே புகார் எதுவும் இல்லை.

நான் தமிழில் சொல்லி முடிக்கும் வரை பழனி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டி திருடியா சார்?"

"இல்ல பழனி. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு என் மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ராவிடம் போனேன். எங்கள் கோப்பை விசாரணை அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும் என்றேன்.

"கேட்டா குடுப்போம். கேக்காம குடுக்கறது முறை இல்ல."

பாக்கெட் நோட்டை எடுத்து, மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். முதல்முறையாக அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது ஃபார்ம்ல இல்லியே, தனபால்."

"கட்டம் இல்ல சார்."

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லல சார்."

கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார். அவர் அடித்த என் வரைவு அதில் பத்திரமாக இருந்தது. எதையும் தூக்கிப்போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இதுவும் எடுத்துட்டுப் போங்க. நான் அடிச்சது அவங்க பாக்கட்டும். பர்மிஷன் லெட்டர் நானே எழுதறேன்."

எஸ்தர் அம்மாளும் ஒரு கடிதம் கொடுத்தார். பையில் இருந்த கத்தி தன் சமையலறைக் கத்தி, சாணை பிடித்து வரும்படி முந்தின நாள் தானே கொடுத்தனுப்பியது, பிடியில் தன் குடும்பப் பெயரின் முதலெழுத்து இருக்கும் என்று எழுதியிருந்தார். ஸ்கேனர் குறிப்பு நோட்டையும் கொடுத்துவிட்டார். "இனிமே எனக்கு இது வேண்டாம்."

மறுவிசாரணை நடந்த அறையில் பத்துப் பேர் இருப்போம். பழனியும் கவிதாவும் கடைசி பெஞ்சில். நான் நோட்டைப் படித்தேன். வெட்டிய முனை மார்ச் மாதமே துரு ஏறியிருந்தது, ஆகஸ்டில் இறந்தவர் அதை வெட்டியிருக்க முடியாது என்றேன். அதிகாரி வாங்கிப் பார்த்தார். தேதியை இரண்டு முறை கேட்டார். பிறகு நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"மார்ச்லயே பார்த்திருக்கீங்க. எர்த் இல்லாத கம்பம் ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"யாருக்கும் ஏன் தெரிவிக்கல?"

படிவத்தில் கட்டம் இல்லை என்பது நாக்கு வரை வந்தது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன்.

"தெரிவிச்சிருக்கணும். தெரிவிக்கல," என்றேன்.

வெளியே வராந்தாவில் பழனி எனக்காக நின்றிருந்தார்.

"அன்னிக்கே பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"அவ கூட இருந்தாளா?"

"இருந்தா. என் ஹெட்போனைக் காதுல வெச்சுக் கேட்டா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கவிதா அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

உத்தரவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எனக்கும் ராவுக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ராவ் எல்லாவற்றையும் தன் மேல் போட்டு எழுதினார். அந்த வருடமே ஓய்வு பெற்றார். பிரிவுபசாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப்போனார். எஸ்தர் அம்மாள் உத்தரவு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு இறந்துபோனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் குரலை மட்டுமே கேட்டிருந்த ஹாம் நண்பர்கள் நாலைந்து பேர் மைசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்தேன். இரைச்சல் ஒரு கம்பத்தில் போய் நின்றால், அறிக்கை எழுதுவதற்கு முன்பே அந்தப் பகுதி மின்சார அலுவலகத்துக்கு நானே போவேன். லைன்மேன் கிளம்பும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சிலர் திட்டினார்கள். ஒரு தடவை வெளியே பிடித்துத் தள்ளவும் செய்தார்கள். மறுநாள் திரும்பப் போனேன். என் மேலதிகாரிகள் இதை நேர விரயம் என்று குறிப்பில் எழுதினார்கள். இதையெல்லாம் பிராயச்சித்தம் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.

உத்தரவு வந்ததும் அதன் நகலைப் பழனியிடம் கொடுக்க நானே போனேன். பழனி வாசலில் நின்று வாங்கி, கவிதாவிடம் கொடுத்தார். அவள் படிக்கட்டில் நின்றபடி கன்னடத்தில் படித்து, தமிழில் சொன்னாள். எர்த் கம்பி விபத்துக்குப் பல மாதம் முன்பே காணாமல் போயிருந்தது. இறந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை. முந்தைய அறிக்கையில் உள்ள வரி நீக்கப்படுகிறது.

"இன்னொரு வாட்டி படி," என்றார் பழனி.

படித்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேர் வெளியே வந்து நின்றார்கள். அவர்கள் காதிலும் விழ வேண்டும் என்று அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். முடித்ததும் பழனி காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெயின்ட் காய்ந்த விரல்கள் பையின் மேலேயே இருந்தன.

"அவ பேரைத் தொடச்சுக் குடுத்துட்டீங்க. அதுக்குக் கும்பிடுறேன் சார்."

கும்பிட்டார்.

"ஆனா உள்ள வாங்கன்னு சொல்ல மனசு வரல. தப்பா நெனச்சுக்காதீங்க."

"வேணாம் பழனி," என்றேன்.

அந்தத் தெருவைத் தாண்டித்தான் என் வீடு. இன்றைக்கும் அந்த வாசலைக் கடந்துதான் போய்வருகிறேன். பழனி வெளியே உட்கார்ந்திருந்தால் தலையசைப்பார். நானும் தலையசைப்பேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.